பறவைப் படத்தைத் திருத்துவது: பெங்களூரு ஏரிக்கரைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜக்கூர், ஹெப்பாள், மடிவாளா, கைகொண்டரஹள்ளி, அல்சூர் என்று பெங்களூரில் எந்த ஏரிக்கரையில் ஞாயிறு காலை நடந்தாலும் நீள லென்ஸோடு நாலு பேராவது எதிரே வருவார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. படம் எடுப்பதுவரை உற்சாகம்தான். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்த பிறகுதான் கேள்விகள் ஆரம்பிக்கின்றன: இது நல்ல படமா, யாரிடம் காட்டுவது, எவ்வளவு எடிட் செய்யலாம்? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கேமரா வாங்கலாம் என்ற பேச்சு இதில் கிடையாது.

என் படத்தில் என்ன குறை என்று எனக்கே தெரியாதா? எதற்கு அடுத்தவரிடம் காட்ட வேண்டும்?

தெரியும், ஆனால் ரொம்பத் தாமதமாகத் தெரியும். எடுத்தவருக்குப் படத்தோடு சேர்த்து அந்தக் காலையும் கண்ணில் நிற்கிறது. பாம்புத்தாரா மீனைக் குத்தி எடுத்தது, அதைத் தூக்கிப் போட்டு விழுங்கியது, அதற்காக ஈரப்புல்லில் முழங்கால் நனைய உட்கார்ந்திருந்தது எல்லாம் நினைவில் இருக்கிறது. பார்ப்பவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் முன்னால் இருப்பது ஒரு செவ்வகம் மட்டும். அதில் மீன் பறவையின் கழுத்தோடு ஒட்டி, எது மீன் எது கழுத்து என்றே புரியவில்லை என்றால் அவர் அதைச் சொல்லிவிடுவார். நமக்கு அது புரியாமல் போகவே வாய்ப்பில்லை, ஏனென்றால் நாம் பார்த்தவர்கள்.

உடனே கேட்க ஆள் இல்லையென்றால் படத்தை ஒரு வாரம் மூடி வையுங்கள். அப்புறம் இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எல்லா எடிட்டிங் மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது. பழகிய படம் திடீரென்று அந்நியமாகி, மூலையில் கிடக்கும் வெளிச்சத் துண்டும் சாய்ந்த நீர்மட்டமும் பளிச்சென்று தெரியும். ஆனாலும் இது இன்னொரு மனிதரின் கண்ணுக்கு ஈடாகாது.

வீட்டில் காட்டினால் எல்லோரும் "சூப்பர்" என்கிறார்கள். யாரிடம்தான் கேட்பது?

மூன்று வகை ஆட்கள் வேண்டும் என்பது என் கருத்து. படம் தெரிந்தவர் ஒருவர், பறவை தெரிந்தவர் ஒருவர், இரண்டும் தெரியாதவர் ஒருவர். வீட்டில் இருப்பவர்கள் மூன்றாவது வகை, அவர்களையும் ஒதுக்க வேண்டாம். "நல்லாருக்கா?" என்று கேட்டால் "சூப்பர்" தான் வரும். "முதல்ல உன் கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "அந்தச் செவப்பு பக்கெட்" என்று உங்கள் அம்மா சொன்னால், அதைவிடத் தெளிவான விமர்சனம் கிடைக்காது.

பறவை தெரிந்தவரை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். குளிர்காலத்தில் ஹெசரகட்டா புல்வெளிக்கு வரும் பூனைப்பருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிட், மான்டேகு என்ற இரண்டு இனங்களிலும் பெண் பறவையும் இளம் பறவையும் பழுப்பாக, ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கன்னத்தின் கருமைக்குப் பின்னால் வெளிறிய கழுத்துப்பட்டை எப்படி ஓடுகிறது என்பதுதான் பிரித்துச் சொல்ல உதவும் முக்கிய அடையாளங்களில் ஒன்று. "பட்டை தெரியலையே, காண்ட்ராஸ்டை ஏத்திட்டீங்களா?" என்று பறவைக்காரர் கேட்பார். அழகுக்காக நீங்கள் இருட்டாக்கிய இடம் அந்தப் பறவையின் முகவரி.

படம் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1971 முதல் இங்கே இயங்குகிறது. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர்ப் படக்கலைஞர் டி.என்.ஏ. பெருமாள் (1932–2017), ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் கற்று, பிறகு இளையவர்கள் பலருக்குக் கற்றுக்கொடுத்தவர். ஃபிலிம் காலத்தில் பிரிண்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர் முன்னால் வைத்துக் காத்திருப்பதுதான் படிப்பு. இப்போது அனுப்புவது சுலபம். ஆனால் ஒரே ஆளிடம் தொடர்ந்து காட்டும் பழக்கம் குறைந்துவிட்டது. உங்களுடைய முந்தைய படங்களைப் பார்த்த ஒருவர் சொல்லும் கருத்துக்கு மதிப்பு அதிகம். "போன தடவையும் தலையை ஃபிரேமோட நடுவுலதான் வெச்சிருந்தீங்க" என்று அவரால்தான் சொல்ல முடியும்.

எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் வரும்?

எடிட் செய்த படத்தோடு கிராப் செய்யாத, அதாவது ஓரம் வெட்டாத, மூலப் படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். பாதிக் குறைகளுக்கு விடை மூலப் படத்தில் இருக்கும். இடப்பக்கம் தாராளமாக இடம் இருந்தும் பறவையின் பார்வைக்கு முன்னால் வெட்டியிருப்பீர்கள், அல்லது இரண்டு நிமிடம் முன்பு எடுத்த சட்டத்தில் (ஃபிரேமில்) தலை இன்னும் நன்றாகத் திரும்பியிருக்கும்.

கதை சொல்லாமல் காட்டுங்கள். "இது ரொம்ப அபூர்வம் சார், ரெண்டு மணி நேரம் காத்திருந்து எடுத்தது" என்று ஆரம்பித்துவிட்டால் எதிரில் இருப்பவர் மரியாதைக்காகவாவது பாராட்டிவிடுவார். முதலில் அவர் பேசட்டும். அதன் பிறகு உங்கள் சந்தேகத்தை ஒன்றே ஒன்றாகக் கேளுங்கள்: "முதுகில் வெள்ளை வெந்துபோயிருக்கா?" (அதாவது ஒளி மிஞ்சி விவரம் அழிந்துவிட்டதா), "இந்தக் கிராப் நெருக்கமா இருக்கா?" பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

நான் மற்றவர்கள் படத்துக்குக் கருத்துச் சொல்லும்போது என்ன சொல்ல வேண்டும்?

கண்ணில் பட்டதைப் பட்ட வரிசையில் சொல்லுங்கள். எங்கள் ஞாயிறு நடைக் கூட்டத்தில் நடந்த ஒரு பேச்சைத் தருகிறேன். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஹெப்பாள் ஏரியின் மேல் அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் படம். எடுத்தவர் கல்லூரி மாணவர். பார்த்தவர் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பறவைக்காரர்.

"தம்பி, முதல்ல கண்ணுக்குத்தான் போறேன். கண்ணு ஷார்ப்பா இருக்கு, அதுல வெளிச்சப் புள்ளியும் இருக்கு. அடுத்து வலது கீழ் மூலைக்குப் போறேன், அங்க ஏதோ வெள்ளையா மிதக்குது. அது பாட்டிலா?"

"ஆமாக்கா."

"அதை வெட்டுற அளவுக்கு இடம் இருக்கா? சிறகு நுனியைத் தொடாம வெட்டு. அப்புறம், மார்புல ஒரே ஒரு பட்டை தெரியுது, அதுவும் நடுவுல விட்டிருக்கு. அப்ப இது பெண். ஆணுக்கு ரெண்டு பட்டை. பேரு போடும்போது அதையும் போடு."

இதில் பாராட்டு இருக்கிறது, குறை இருக்கிறது, செய்ய வேண்டியதும் இருக்கிறது. எல்லாமே படத்தில் கைவைத்துக் காட்டக்கூடியவை. "கம்போசிஷன் இன்னும் நல்லா இருந்திருக்கலாம்" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "நானா இருந்தா இப்படி எடுத்திருப்பேன்" என்பதும் அப்படித்தான்.

இருவர் நேரெதிராகச் சொன்னால் யாரைக் கேட்பது?

இருவரும் ஒரே இடத்தைச் சுட்டுகிறார்களா என்று பாருங்கள். ஒருவர் "பின்னணி ரொம்ப இருட்டு" என்கிறார், இன்னொருவர் "பின்னணி பளிச்சென்று இருக்கு" என்கிறார் என்றால் பிரச்சினை பின்னணியில் இருப்பது உறுதி. தீர்வை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் மட்டும் சொல்லி, யோசித்த பிறகும் உங்கள் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் விட்டுவிடலாம். படம் உங்களுடையது.

எந்தக் குறையை எடிட்டிங்கில் சரிசெய்யலாம், எதைச் செய்யவே முடியாது?

ஒளி கொஞ்சம் கூடக் குறைய இருப்பது, நிறம் சாய்ந்திருப்பது, நீர்மட்டம் கோணலாக இருப்பது, ஓரங்களில் வேண்டாதது நுழைந்திருப்பது, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறியதால் வந்த நாய்ஸ் என்ற புள்ளிப்புள்ளியான இரைச்சல் எல்லாம் சரியாகும்.

கண்ணில் ஃபோகஸ் இல்லையென்றால் சரியாகாது. அது ஏன் இவ்வளவு எளிதில் தவறிப்போகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 500 மி.மீ. லென்ஸ், அதன் திறப்பு எஃப் 6.3, பறவை 10 மீட்டர் தூரத்தில் என்று வையுங்கள். தெளிவாக விழும் ஆழம் சுமார் 15 செ.மீ. அதே பறவை 5 மீட்டரில் இருந்தால் 4 செ.மீ.கூட இல்லை. சிறகு தெளிவாக விழுந்து கண் மங்கிப்போக இது போதும். அந்தப் படத்தை ஷார்ப்பனிங் போட்டுக் காப்பாற்ற முயன்றால் கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு வரும், கண் வராது.

மேலிருந்து கீழே பார்த்து எடுத்த கோணமும் மாறாது. ஏரிக்கரை நடைபாதையில் நின்றபடி எடுத்த நாமக்கோழிக்குப் பின்னால் நீர் மட்டுமே இருக்கும். கரையில் உட்கார்ந்து எடுத்தால் நீர் பின்வாங்கித் தூரத்துப் பச்சை மங்கலாக வரும். நண்பர்கள் "ஏதோ குறையுது" என்று சொல்லும் நீர்ப்பறவைப் படங்கள் பலவற்றில் குறைவது இதுதான். எவ்வளவு எடிட் செய்தாலும் நின்றவர் உட்கார்ந்தவராக முடியாது.

வெள்ளை முழுதாக வெந்துபோன இடமும் திரும்ப வராது.

ராவா, ஜேபெக்கா?

எடிட் செய்வதாக இருந்தால் ரா, அதாவது சென்சார் பதிவு செய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு. ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும், 256 படிநிலைகள் மட்டும் வைத்திருக்கும். 12 பிட் ராவில் 4,096, 14 பிட்டில் 16,384. இருட்டை ஏற்றும்போதும் வெள்ளையை இறக்கும்போதும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மூலக் கோப்பு கைபடாமல் இருக்கும் என்பது இன்னொரு நன்மை.

எடிட்டிங்கை எந்த வரிசையில் செய்வது? ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

ஜக்கூர் ஏரியில் காலை ஏழு மணிக்கு எடுத்த சின்னக் கொக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். தாமரை இலைகளும் கோரையும் உள்ள கரையோரம். கொக்கு வெள்ளை, பின்னால் நிழல் விழுந்த கரும்பச்சை.

இப்படிப்பட்ட காட்சியில் கேமரா பெரும்பகுதி இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும், கொக்கு வெந்துவிடும். அதனால் எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பளவு, அதாவது ஒளியைப் பாதியாக, குறைத்து எடுத்திருக்க வேண்டும். எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். படம் மொத்தமாக இருண்டு தெரிகிறது. பயப்பட வேண்டாம்.

முதலில் நீர்மட்டத்தை நேராக்கி, தோராயமாகக் கிராப் செய்துகொள்ளுங்கள். வெட்டப்போகும் இடத்தில் இருக்கும் வெளிச்சம் உங்கள் ஒளிக் கணிப்பைக் குழப்பாமல் இருக்கும். அடுத்து நிறம். சொட்டுக்குழாய் (ஐடிராப்பர்) கருவியைக் கொக்கின் முதுகில் வைத்துச் சொடுக்கினால் வெள்ளை சுத்த வெள்ளையாகிவிடும். ஏழு மணி வெயிலின் மஞ்சளும் அதோடு போய்விடும். நான் அதைப் பாதியளவுக்கு மேல் கழுவ மாட்டேன். காலையில் எடுத்த படம் காலையாகத் தெரிய வேண்டும். அதே சமயம் அலகைப் பாருங்கள். சின்னக் கொக்கின் அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். மஞ்சள் சாயல் கூடிப்போய் அலகு பழுப்பாகத் தெரிந்தால் பார்ப்பவர் வேறு கொக்கோ என்று குழம்புவார். அலகு கறுப்பாகவும் பாதம் மஞ்சளாகவும் தெரிகிற புள்ளியில் நிறுத்துங்கள்.

அப்புறம் ஒளி. மொத்தப் படத்தையும் கொஞ்சம் ஏற்றிவிட்டு ஹைலைட்டை, அதாவது வெளிச்சப் பகுதிகளை, இறக்குங்கள். முதுகில் தொங்கும் மெல்லிய தூவிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிய வேண்டும். தூவி தெரிந்தும் கொக்கு சாம்பலாகிவிட்டது என்றால் அதிகமாக இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஷேடோவை, அதாவது இருட்டுப் பகுதிகளை, ஏற்ற வேண்டாம். பின்னணி இருட்டாக இருப்பதால்தான் கொக்கு நிற்கிறது.

இப்போது பறவையை மட்டும் மாஸ்க் செய்து (மற்ற இடம் மாறாதபடி தனியாகத் தேர்ந்தெடுத்து), தலைப்பகுதியில் நுண்விவரத்தைத் தூக்கிக் காட்டும் டெக்ஸ்சரைக் கொஞ்சம் கூட்டுங்கள். அதே மாஸ்க்கைத் தலைகீழாக்கினால் பின்னணி கிடைக்கும். நாய்ஸ் நீக்குவதை அங்கே தாராளமாகச் செய்யலாம், பறவையின் மேல் கஞ்சத்தனமாகச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தனியாக ஒரு சிறு மாஸ்க் போட்டு ஒளியைச் சற்றே ஏற்றலாம். கண் விளக்குப் போல எரிய ஆரம்பித்தால் பின்வாங்குங்கள்.

கிராப்பை இறுதியாக்கி, என்ன அளவில் வெளியிடப் போகிறீர்களோ அந்த அளவுக்குச் சுருக்கிய பிறகு கடைசியாக ஷார்ப்பனிங். முதலிலேயே ஷார்ப் செய்துவிட்டால் சுருக்கும்போது விளிம்புகள் கரடுமுரடாகும்.

லைட்ரூம், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் ஆகிய இரண்டு மென்பொருளிலும் இவ்வளவையும் செய்யலாம்.

மீன்கொத்தியின் நீலம் பிளாஸ்டிக் போல வருகிறதே, ஏன்?

இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது வருகிறது. வெண்தொண்டை மீன்கொத்தி பெங்களூரில் ஏரி மட்டுமில்லை, அபார்ட்மென்ட் மதில், மின்கம்பி எங்கும் உட்காரும் பறவை. அதன் முதுகு நீலம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. நேர் வெயிலில் அது அபாரமான பிரகாசத்தோடு திரும்பி அடிக்கும்.

கேமராவில் மூன்று நிறங்களும் தனித்தனியாகப் பதிவாகின்றன. மொத்த ஒளியைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும், ஆனால் நீலம் மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். முட்டிய இடத்தில் இறகுக்கு இறகு வேறுபாடு கிடையாது, ஒரே தட்டையான நீலம். அதன்மேல் சாச்சுரேஷனையும் (நிறச் செறிவையும்) ஏற்றினால் நீங்கள் சொல்லும் பிளாஸ்டிக் வந்துவிடும். ஆகவே மூன்று நிற ஹிஸ்டோகிராமையும் பிரித்துப் பாருங்கள். எடுக்கும்போது அரை ஸ்டாப் குறையுங்கள். எடிட்டில் நீலத்தின் சாச்சுரேஷனைத் தொடாமல், நீலத்தின் ஒளிர்வை மட்டும் இறக்கிப் பாருங்கள். இறகின் வரிகள் திரும்ப எட்டிப்பார்க்கும். வெளியிடும் கோப்பைப் பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமியுங்கள். வேறு நிறவெளியில் சேமித்த நீலம் சில போன்களிலும் உலாவிகளிலும் வெளிறித் தெரியும்.

சிறு மீன்கொத்தியில் இன்னொரு ஜாக்கிரதை. ஆணின் அலகு கறுப்பு, பெண்ணின் கீழ் அலகு ஆரஞ்சுச் சிவப்பு. ஆரஞ்சு நிறத்தை அடக்குகிறேன் என்று இறங்கினால் பெண் பறவை ஆணாகிவிடும்.

ஊதாத் தேன்சிட்டின் ஆண் கறுப்பாக விழுந்திருந்தால் வெளிச்சம் சரியான கோணத்தில் படவில்லை என்று பொருள். ஊதாவை எடிட்டில் வரவழைக்க வேண்டாம். பறவை தலையைத் திருப்பும்போது அடுத்த சட்டத்தில் அது தானாக மின்னும்.

கரும்பறவைகளை எடிட் செய்வது எப்படி?

ஷேடோவை எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் இங்கே முழுப் பிரச்சினையும். கரிச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். இறகு தெரிய வேண்டுமென்று ஷேடோவை ஏற்றிக்கொண்டே போனால் அது சாம்பலாகும். குளிர்காலத்தில் பெங்களூருக்குச் சாம்பல் கரிச்சானும் வருகிறது. உங்கள் படத்தைப் பார்ப்பவர் இது அதுதான் என்று நம்பிவிடலாம். கரிச்சானுக்கு வாயோரத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு இருக்கும். சாம்பல் கரிச்சானுக்கு அது இல்லை, கண் மட்டும் பளிச்சென்ற சிவப்பு. பொட்டும் கண்ணும் தெரியும்வரை ஏற்றினால் போதும், உடல் கறுப்பாகவே இருக்கட்டும். கறுப்பில் விவரம் வேண்டுமென்றால் மேகமூட்டமான நாளில் எடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் அதற்குக் குறைவில்லை.

செயற்கை நுண்ணறிவு வைத்து நாய்ஸ் நீக்கலாமா?

நீக்கலாம். 2023-இல் லைட்ரூமில் வந்த டீநாய்ஸ் வசதி, ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த ரா கோப்பையும் நன்றாகவே சுத்தம் செய்கிறது. அதிகாலையில் கனகபுரா சாலை வேலி ஸ்கூல் பக்கத்து மரநிழலில் அரசவால் ஈப்பிடிப்பானைத் துரத்துகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் முடிவை 100 சதவீத அளவில் வைத்து ஒரு முறை மேய்ந்துவிடுங்கள். படத்தில் போதுமான விவரம் இல்லாத இடத்தில் சில மென்பொருள்கள் இறகு போன்ற ஒன்றைத் தாங்களாகவே வரைந்துவிடுகின்றன. கழுத்தில் செதில் மாதிரி வந்திருக்கிறதா, கண்மணியின் விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இ-பேர்ட் தளத்தில் அதே பறவையின் படங்கள் ஏராளம் இருக்கின்றன, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இல்லாத இறகைச் சேர்ப்பதைவிட நாய்ஸோடு இருப்பது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எவ்வளவு கிராப் செய்யலாம்?

24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000 × 4000 புள்ளிகள். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் 3000 × 2000, அதாவது 6 மெகாபிக்சல் மிஞ்சும். திரையில் காட்ட அது தாராளம். மூன்றில் ஒரு பங்காக்கினால் 3 மெகாபிக்சல்கூட இராது, நாய்ஸும் கைநடுக்கமும் பெரிதாகி முகத்தில் அறையும்.

கிராப் செய்ய முடிகிறது என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. பறவை சிறியதாக, சுற்றி நாணலும் நீரும் பெரிதாக இருக்கும் படங்களை நாம் போதுமான அளவுக்கு எடுப்பதில்லை. நீலத் தாழைக்கோழி எந்தச் செடியில் நடக்கிறது, அதன் நீண்ட விரல்கள் எதைப் பற்றுகின்றன என்பதெல்லாம் அதன் வாழ்க்கை. முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அது எங்கே வாழ்கிறது என்றே தெரியாது.

முகத்துக்குக் குறுக்கே வரும் குச்சியை அழிக்கலாமா? வானத்தை மாற்றலாமா?

போட்டிக்கு அனுப்புவதானால் கூடாது. அமெரிக்காவின் பிஎஸ்ஏ, சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்ஐஏபி, பிரிட்டனின் ஆர்பிஎஸ் ஆகிய மூன்று புகைப்பட அமைப்புகளும் இயற்கைப் படத்துக்கு ஒரே வரையறையைப் பின்பற்றுகின்றன. கிராப் செய்யலாம். சென்சார் தூசு, நாய்ஸ் போன்று கேமராவால் வந்தவற்றை நீக்கலாம். காட்சியில் இருந்த எதையும் அழிப்பதோ, சேர்ப்பதோ, இடம் மாற்றுவதோ கூடாது. இந்தியாவிலும் பல போட்டிகள் இதையே கேட்கின்றன, தேர்வுக்கு வரும் படத்தின் ரா கோப்பையும் வாங்கிப் பார்க்கின்றன.

வீட்டுச் சுவரில் மாட்டத்தானே என்றால், குச்சியை அழிப்பது உங்கள் விருப்பம். அழித்ததைச் சொல்லிவிடுங்கள். வானத்தை மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன். ஒளி வந்த திசையும் மேகத்தின் ஒளியும் பொருந்தாமல் அது எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். பொருந்தினாலும் அது நடக்காத ஒன்று. குச்சி தொந்தரவு செய்கிறதென்றால் அதன் ஒளியை மட்டும் மாஸ்க் போட்டுக் கொஞ்சம் அடக்குங்கள். பார்வை அதைத் தாண்டிப் பறவைக்குப் போய்விடும்.

பெங்களூரு ஏரியில் எங்கே திரும்பினாலும் கட்டடம், கம்பி, விளம்பரப் பலகை. பின்னணியை என்ன செய்வது?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கட்டடத்தைத் தவிர்ப்பது: தாழ்வாக உட்கார்ந்து, பின்னால் கோரையோ மரமோ வருகிற கோணத்துக்கு நகர்வது. எடிட்டில் செய்யக்கூடியது குறைவு. கண்ணாடிக் கட்டடத்தின் நீலம் நீரில் பிரதிபலித்துப் பறவையின் வயிற்றில் சாயலாக ஏறியிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் மாஸ்க் செய்து சற்றே வெப்பநிறம் கூட்டலாம். ஆகாயத்தாமரையின் பச்சை ஏறியிருந்தால் அதே வேலையைக் கொஞ்சம் மெஜந்தா செய்யும்.

இரண்டாவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: கட்டடத்தைப் படத்துக்குள் கூப்பிடுவது. ஏரி நடுவில் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதக்க, பின்னால் இருபது மாடிக் குடியிருப்பு நிற்கட்டும். சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் மேல் சுற்றும் கரும்பருந்துகளோடு கூரையும் வரட்டும். இந்த ஊர்ப் பறவைகள் இப்படித்தான் வாழ்கின்றன. காட்டில் எடுத்ததுபோலக் காட்ட ஏன் மெனக்கெட வேண்டும்? ஒரே நிபந்தனை, கட்டடம் வேண்டுமென்றே வைத்ததாகத் தெரிய வேண்டும். நேராக நிற்க வேண்டும், பாதியில் வெட்டுப்படக் கூடாது, பறவையின் தலைக்குப் பின்னால் அதன் விளிம்பு ஓடக் கூடாது. இத்தகைய படத்தில் பின்னணியின் காண்ட்ராஸ்டைச் சற்றுக் குறைத்தால் போதும்.

நிறம் இரைச்சலாக இருந்தால் கறுப்பு வெள்ளை ஆக்கிப் பாருங்கள். எம். கிருஷ்ணன் நம் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துப் பெயர் பெற்றவர். வடிவமும் ஒளியும் நன்றாக இருக்கும் படம் நிறம் போனாலும் நிற்கும்.

கூட்டில் இருக்கும் குஞ்சுகளின் படம் அழகாக வந்திருக்கிறது. காட்டிக் கருத்துக் கேட்கலாமா?

எப்படி எடுத்தீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். கொக்கரே பெள்ளூரில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன, தெருவில் மனிதர்கள் நடமாடுவது அவற்றுக்குப் பழக்கம். அங்கே தெருவில் நின்று நீள லென்ஸில் எடுப்பது வேறு. புதரை விலக்கி, கிளையை ஒடித்து, தாய்ப்பறவை பதறிப் பறக்கப் பறக்க எடுத்த படத்தின் ஒளியையும் கோணத்தையும் பற்றிப் பேச நான் தயாராக இல்லை. ஒலிப்பதிவை ஓடவிட்டு வரவழைத்த பறவையும் அப்படியே. விமர்சனம் சொல்கிறவர்கள் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. "நல்ல படம், ஆனா…" என்று இழுக்காமல் நேராகச் சொல்லுங்கள்.

போனிலேயே எடிட் செய்யலாமா?

செய்யலாம், ஸ்னாப்சீட்கூட நல்ல கருவிதான். திரையின் வெளிச்சத்தை நடுவில் வைத்துக்கொண்டு, தானாக மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். வெயிலில் நின்று எடிட் செய்யாதீர்கள்.

பழைய படங்களைத் திரும்ப எடுத்து எடிட் செய்வது நேர விரயமா?

நேரத்தைச் செலவழிக்க இதைவிட நல்ல வழி குறைவு. மென்பொருள் முன்னேறியிருக்கிறது, அதைவிட உங்கள் கண் முன்னேறியிருக்கிறது. பழைய எடிட்டை அழிக்காமல் அதே ரா கோப்பைப் புதிதாகத் திறந்து, பழையதைப் பார்க்காமல் செய்து முடித்து, பிறகு இரண்டையும் அருகருகே வையுங்கள். முன்பு கிடைத்த கருத்துகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒரே குறை மூன்று படங்களில் திரும்ப வந்திருந்தால், அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது என்ன என்று தெரிந்துவிடும்.

பிரிண்ட் போட்டால் திரையில் பார்த்தது போல வரவில்லையே?

திரை தானே ஒளிர்கிறது, தாளுக்கு வெளியிலிருந்து ஒளி வர வேண்டும். பிரிண்ட் இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் திரையை அதிக வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்ததுதான் காரணம். திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு மீண்டும் பாருங்கள், ஒளியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏ4 தாளுக்கு 3508 × 2480 புள்ளிகளும் ஏ3 தாளுக்கு 4961 × 3508 புள்ளிகளும் வேண்டும். கிராப் செய்யும்போதே இதை நினைவில் வையுங்கள். பெரிய பிரிண்டுக்குக் காசு கொடுக்கும் முன், படத்தின் தலைப்பகுதியை மட்டும் அதே அளவில், அதே தாளில் ஒரு துண்டு போட்டுத் தரச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். கண்ணும் அதைச் சுற்றியுள்ள இறகும் அந்தத் துண்டில் சரியாக வந்திருந்தால் முழுப் படத்துக்கும் ஆர்டர் கொடுக்கலாம்.